லயம் லயமாய்ச் சம்மதம் கேட்டு

வியாதியைக் கண்டு பயப்படுகிறதைவிட, வியாதியைப் பற்றி விசாரிக்க வருகிறவளைக் கண்டுதான் சனங்கள் அதிகம் பயப்படுவார்கள் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

சனத்தொகைக் கணக்கெடுக்கப் போனவர்கள், காப்புறுதி விற்க அலைந்தவர்கள், வாக்காளர் இடாப்போடு படியேறி இறங்கியவர்கள் எல்லாருக்கும் நான் சொல்லப்போவது புரியும். நாய் குரைக்கும். உள்ளே ரேடியோ நிற்கும். ஜன்னல் சீலை ஒரு விரல் அளவு விலகும். பிறகு, "வீட்டுல யாரும் இல்லீங்க" என்று வீட்டுக்குள்ளிருந்தே பதில் வரும்.

நான் மலையகத்துக் கொட்டகலைக்காரி. உயர்தரம் முடித்து, ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று காத்திருந்து சலித்து, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழுவில் கள உதவியாளராகச் சேர்ந்தேன். குழுவுக்குத் தலைவர் டொக்டர் நேசராசா, யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு ரத்தக்குறைவு, தேயிலைத் தொழிற்சாலையில் நிற்கிறவர்களுக்கு ஏன் ஓயாத இருமல் என்று கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி. நான் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய் விஷயத்தை விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். கூட வரும் தாதி மாலினி ரத்தம் எடுப்பார்.

நோயாளியின் விவரத்தை ஆராய்ச்சிக்கு எடுப்பதற்கென்றே தனிச் சட்டம் ஒன்று அப்போது நம் நாட்டில் இருந்ததாக எனக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் நெறிமுறைக் குழு ஒன்று இருந்தது. சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, யாருடையது என்று வெளியே சொல்லக் கூடாது, எதற்கென்று கேட்டு வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று அது விதி போட்டிருந்தது. டொக்டருக்கு அந்த விதி வேதவாக்கு. அதை மலையேறிப் போய்ச் சொல்லி, "இதுல என்னமோ இருக்கு" என்ற பார்வையை வாங்கிக்கொண்டு வந்தது நான்.

கையெழுத்து

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முத்தம்மா என்று ஒரு அக்கா. (தோட்டத்து ஆட்களின் பேர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) கொழுந்தெடுத்துவிட்டு வந்து, இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தலைசுற்றுகிறது, மலையேறினால் மூச்சு வாங்குகிறது என்று நான் கேட்காததையும் சொன்னார். ரவிக்கைக் கையை அவரே மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். மாலினி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். "அதுக்கு முன்னால இதுல ஒரு கையெழுத்துங்க அக்கா, இல்லாட்டி பெருவிரல வச்சாலும் போதும்" என்று நான் மைப்பெட்டியைத் திறந்தேன். அவ்வளவுதான், ரவிக்கைக் கை கீழே இறங்கிவிட்டது.

காரணத்தை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். அவருடைய அப்பா ஒரு காலத்தில், அரிசிக் கூப்பனுக்கு என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு தாளில் பெருவிரல் வைத்தாராம். அது இந்தியாவுக்குப் போகிறோம் என்ற விண்ணப்பம். அண்ணன்மார் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். கல்யாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்திருந்ததால் முத்தம்மா மட்டும் இங்கே மிஞ்சினார். அதற்குப் பிறகு அம்மாவை அவர் பார்க்கவேயில்லை.

நான் மைப்பெட்டியை மூடினேன். எழுத விரும்பாதவர்கள் சாட்சிக்கு முன்னால் வாயால் சம்மதம் சொன்னால் போதும், சாட்சி கையெழுத்து வைக்கலாம் என்று விதியில் ஒரு வழி இருந்தது. லயத்தில் ஒட்டியிருந்த அடுத்த காம்பராப் பெண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். கையெழுத்து என்றதும் அவள் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று ஓடினாள். கடைசியில் தோட்டத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை வந்துதான் சாட்சியானாள். ரத்தம் எடுத்து முடிந்ததும் முத்தம்மா பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னார்: "வேணும்னா இன்னொரு குழாயும் எடுத்துக்கங்க மிஸ். ரத்தம் ஊறிக்கிடும். கையெழுத்து போனா போனதுதான்."

பெயர் இல்லாத ரத்தம்

வட்டகொடையில் எடுத்த ரத்தத்தோடு வேனில் கண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சண்டைக் காலம். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரர் ஒருவர் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் போனார். அதிகாரி வந்தார். என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். ரத்தம் என்றேன். யாருடையது என்றார். குழாய்களில் இலக்கம் மட்டும்தான் இருக்கும். பெயரை ஒட்டக் கூடாது என்பது விதி. அதை விளக்க விளக்க அவருடைய புருவம் ஏறிக்கொண்டே போனது. ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் பெயர் ஏன் இல்லை என்று கேட்டார்.

அடுத்ததாக டொக்டருடைய அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த இடத்தைப் படித்த பிறகு இன்னும் இரண்டு பேர் துவக்கோடு வந்து பக்கத்தில் நின்றார்கள். எந்த இலக்கம் யாருடையது என்ற விவரம் எங்கே என்றார் அதிகாரி. பல்கலைக்கழகத்தில் பூட்டி வைத்திருப்பதாகவும், குழுவிடம் எழுதிக் கேட்டால் அவர்கள் யோசிப்பார்கள் என்றும் டொக்டர் அமைதியாகச் சொன்னார். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். "பிள்ளை, நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும்" என்று டொக்டர் என்னிடம் சொன்னார். சொன்ன அவருடைய கைதான் சட்டைப் பையைத் தேடி அலைந்துகொண்டிருந்தது.

ஐஸ் உருகித் தார் ரோட்டில் வடியத் தொடங்கிவிட்டது. காலையில் இருந்து பட்ட பாடு முழுவதும் அந்தப் பெட்டிக்குள். காப்பாற்றியது மாலினிதான். "சேர், இது கெட்டுப்போனால் நான் திரும்பவும் மலைக்குப் போய் அந்தப் பெண்களைக் குத்த வேண்டும். அவர்களுக்கு உடம்பில் இருக்கிறதே கொஞ்ச ரத்தம்" என்று தன் தாய்மொழியான சிங்களத்தில், தன் ஊர்க்காரரிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார். அதிகாரி பெட்டியைத் தானே மூடினார். வேனுக்கு வழிவிடச் சொல்லிவிட்டு டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னார்: "தோட்டத்து ஆட்களுக்கு அடையாள அட்டை இல்லை என்று நாங்கள் பிடிக்கிறோம். நீங்கள் இருக்கிற பேரையும் எடுத்துவிடுகிறீர்களே!"

பங்களாத் தேநீர்

ஒரு தோட்டத்தில் நிர்வாகியான துரை எங்களை பங்களாவுக்குக் கூப்பிட்டார். பூப்போட்ட கோப்பையில் தேநீர், தட்டில் கேக். ஆராய்ச்சியைப் பாராட்டினார். பிறகு, தொழிற்சாலையில் யார் யாருக்கு நெஞ்சு பழுது என்று பேர் மட்டும் தந்தால் போதும், அவர்களை லேசான வேலைக்கு மாற்றலாமே என்றார். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் லேசான வேலை என்று சொல்லி, வேலைப் பதிவிலிருந்து பேரையே வெட்டிவிட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். கேக்கைத் திரும்பத் தட்டில் வைத்தேன். பேர் தர இயலாது என்று டொக்டர் மரியாதையாகச் சொன்னார். அப்படியானால் எந்த அறையில் எத்தனை பேர் என்றாவது தாருங்கள் என்றார் துரை. தேயிலை சலிக்கும் சல்லடை அறையில் நிற்பதே நாலைந்து பெண்கள்தான். அங்கே எண்ணிக்கை சொல்வதும் பேர் சொல்வதும் ஒன்று. நான் டொக்டரைப் பார்த்தேன். அவருக்கும் அது பட்டுவிட்டது. முழுத் தொழிற்சாலைக்கும் சேர்த்து ஒரே தொகைதான் தருவோம், தூசி குறைய என்ன செய்யலாம் என்றும் எழுதித் தருவோம் என்றார். துரை கோப்பையைக் கீழே வைத்த சத்தத்திலேயே சந்திப்பு முடிந்துவிட்டது தெரிந்தது.

அடுத்த முறை எங்கள் வேனைக் கேட்டில் மறித்தார்கள். நடந்து போனோம். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. பங்களாவில் நான் தேநீர் குடித்ததை அங்கே பூந்தோட்டம் பார்க்கிறவன் லயத்தில் சொல்லியிருக்கிறான். தொழிற்சாலைச் சல்லடை அறையில் வேலை செய்யும் தங்கமணி மட்டும் வாசலுக்கு வந்து, கதவை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"எங்க பேரக் குடுத்திட்டீங்களா?"

"சத்தியமா இல்லீங்க அக்கா."

"குடுக்கலன்னா தொர எதுக்கு ஒங்களுக்கு டீ குடுக்கறாரு?"

நான் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. முந்தானையை வாயில் வைத்து இருமினார்; அவருக்குப் பின்னாலிருந்து அதே மாதிரி இன்னொரு இருமல் கேட்டது. திரும்பி வந்துவிட்டோம். சம்பள நாள் வந்து போனது. இன்னொரு சம்பள நாளும் வந்தது. சல்லடை அறையில் யாருடைய பேரும் வெட்டப்படவில்லை. தொழிற்சாலைச் சுவரில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று மட்டும் புதிதாக வந்திருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்ததனாலா என்று துரை சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. அதற்குப் பிறகு நான் போனபோது தங்கமணி கதவைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, உள்ள வாங்க மிஸ். ஆனா நான் டீ குடுக்க மாட்டேன்."

சம்மந்தி விசாரணை

கொட்டகலை பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலை நீட்டினார். நான் வேலை பார்க்கும் தோட்டம் ஒன்றின் மேல் டிவிசன் என்றார். மகனுக்குக் கீழ் டிவிசனில் யோகேஸ்வரி என்ற பெண்ணைப் பேசி முடிக்கப் போகிறார்களாம். "நீங்கதான் அவளுக்கு ரத்தம் எடுத்தீங்களாமே. பொண்ணு ஒடம்புல ஏதும் கோளாறு இல்லியே?"

இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இது பொல்லாத கேள்வி. அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஒன்றுமில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கல்யாணம் நடக்கும். ஆனால் இன்று ஒருத்திக்கு அப்படிச் சொல்லிவிட்டு, நாளைக்கு இன்னொருத்தியைப் பற்றிக் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டேன் என்றால், மூடிய வாயே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். "யாரைப் பத்தியும் நாங்க சொல்றதில்லீங்கம்மா" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "சொல்ல மாட்டேன்னா இருக்குன்னுதானே அர்த்தம்" என்று எழுந்து போய்விட்டார். பஸ் வந்தும் நான் ஏறவில்லை.

பயந்தபடியே நடந்தது. பேச்சு நின்றுவிட்டது. பெண்ணுக்கு ஏதோ சீக்கு என்று லயம் முழுக்கக் கதை. யோகேஸ்வரியின் அம்மா என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேல் டிவிசனுக்குக் கூட்டிப் போனார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் என்னை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார்: "ஏங்க, ஒங்க மகனும்தானே இந்த மிஸ்கிட்ட ரத்தம் குடுத்தாரு? எம் மக ரத்தத்த நீங்க கேட்டீங்கள்ல, இப்ப நான் ஒங்க மகன் ரத்தத்தக் கேக்கறேன். மிஸ் ரெண்டையும் இப்பவே சொல்லட்டும்!"

மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். அவனுக்கு என்ன பயமோ, அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்துவிடுவேனோ என்று அந்த வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா பாயை எடுத்து உதறி விரித்தார். "ஒக்காருங்க சம்மந்தி. ரெண்டு பேரு ரத்தமும் மிஸ்கிட்டயே இருக்கட்டும்."

எந்த மாநிலம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரப் பெண் ஆராய்ச்சிக்கு வந்தார். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர். நல்ல பெண். அட்டைக்கடி வாங்கியும் சிரித்துக்கொண்டே மலையேறினார். அவருடைய சம்மதப் பத்திரம்தான் பொல்லாதது. பக்கம் பக்கமாக இருந்தது. அவருடைய மாநிலத்துச் சட்டத்துக்கு ஏற்றபடி எழுதியதாம். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேறு வேறு சட்டம் என்றும், பெயரை எடுத்துவிட்டால் சில விவரங்களைத் திரும்பக் கேட்காமலே வேறு ஆராய்ச்சிக்குக் கொடுக்க ஓரிடத்தில் முடியும், இன்னோரிடத்தில் முடியாது என்றும் எனக்கு விளக்கினார். அதையெல்லாம் நான் தமிழில் சொல்ல வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர் இராமையா வீட்டு முற்றத்தில் ஆட்களைக் கூட்டி, நான் வாசித்தேன். வாசிக்க வாசிக்க ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். இராமையா மட்டும் கடைசிவரை காதுகொடுத்தார். அவருக்குச் சட்டம் என்றால் எப்போதும் ஒரு கண்.

"இந்தப் பொண்ணு நம்ம வெவரத்த வேற யாருக்காச்சும் குடுத்துட்டா, யாருகிட்ட கேக்கறது?" என்றார். நான் கேட்டுச் சொன்னேன். அந்தப் பெண்ணுடைய மாநிலத்தில் இருக்கும் ஓர் அலுவலகம். "அந்தச் சட்டம் நம்ம அட்டன் டவுன் வரைக்கும் வருமா?" அதையும் கேட்டேன். அந்தப் பெண் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். முகம் சிவந்தது. தெரியவில்லை, கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நேர்மையாகச் சொன்னார். இங்குள்ள குழுவின் அனுமதியும் எடுத்திருக்கிறார், நம் விதியும் செல்லும் என்று நான் சேர்த்துச் சொன்னேன். இராமையாவின் சந்தேகம் அசையவில்லை. "சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்னா, நாங்க எந்த மாநிலத்துக் கணக்குல வருவோம்?"

அன்று ஒருவரும் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் டொக்டரோடு உட்கார்ந்து, விவரத்தை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஒரே பக்கத்தில் புதிதாக எழுதினார். இரண்டாவது முறை போனபோது பலர் கொடுத்தார்கள். இராமையா கொடுக்கவில்லை. கோபமில்லை என்று காட்ட அந்தப் பெண்ணுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, என்னிடம் சொன்னார்: "பிரஜா உரிமை வந்து எங்களுக்கு நாடே இப்பத்தான் கெடைச்சிருக்கு மிஸ். அதுக்குள்ள மாநிலத்துக்கெல்லாம் எங்களால போக முடியாதுன்னு சொல்லுங்க."

மிச்சம்

பழைய ஆராய்ச்சியில் எடுத்த ரத்தத்தில் கொஞ்சம் கண்டியில் உறைகுளிரில் வைத்திருந்தது. வேறொரு நோயைப் பற்றிப் புதிய ஆராய்ச்சி ஒன்று வந்தபோது அதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார்கள். ஆட்களிடம் திரும்பப் போய்க் கேட்டால் மட்டும் என்றது நெறிமுறைக் குழு. திரும்பவும் நான் மலையேறினேன். பலர் இடத்தில் இல்லை. கொழும்பில் கடை வேலை, சவூதியில் வீட்டு வேலை. பாக்கியம் என்ற பெண்ணின் காம்பராவில் அவருடைய புருஷன் ஆறுமுகம் தனியாக இருந்தார். பாக்கியம் கொழுந்தெடுக்கும் மலையில் குளவி கொத்திச் செத்துப்போனாராம். எனக்குத் தெரியாது. வந்த காரணத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"அவளோட ரத்தம் இருக்கா? இன்னுமா?" என்றார். சந்தேகம்தான் முதலில் வந்தது. எதற்கு இத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள், அவளுக்கு என்ன இருந்தது, எங்களிடம் எதை மறைத்தீர்கள் என்று அடுக்கினார். ரத்தக்குறைவு இருந்ததை அப்போதே பாக்கியத்திடம் சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்ததைச் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டது அவருக்கும் ஞாபகம் இருந்தது. கொஞ்சம் அடங்கினார்.

"இந்தப் புது ஆராய்ச்சிக்கு அவகிட்ட கேட்டீங்களா?"

"இல்லீங்க. அதனாலதான் ஒங்ககிட்ட கேக்க வந்தேன்."

"நான் எப்படிங்க அவளுக்காகச் சரின்னு சொல்றது? உசிரோட இருந்தப்ப நான் சொன்ன எதுக்கும் அவ சரின்னதே இல்ல." சிரிக்கத்தான் பார்த்தார். முகம் கோணிக்கொண்டது. பிறகு, "அத வச்சிருக்க வேணாம். கொண்டாந்து குடுத்துருங்க" என்றார்.

இப்படி ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. டொக்டர் குழுவுக்கு எழுதினார். முதலில் சிலர் சிரித்தார்களாம். வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுத்தோமே என்று டொக்டர் கேட்டாராம். பிறகு அனுமதி வந்தது. சின்ன ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஆறுமுகம் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ரத்தம்னீங்க, இது மஞ்சளால்ல இருக்கு?" என்றார். சிவப்பைப் பிரித்துவிட்டுத் தெளிந்த நீரைத்தான் வைப்பார்கள் என்று விளக்கினேன். நம்புவதா வேண்டாமா என்று என் முகத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கக்கத்தில் மண்வெட்டியை இடுக்கிக்கொண்டு, என்னையும் வரச் சொன்னார்.

தேயிலை மலைக்கு நடுவில் தோட்டத்துச் சுடுகாடு. பாக்கியத்தின் தலைமாட்டில் சின்னதாக ஒரு குழி வெட்டினார். குழாயைத் திறந்து ஊற்றினார். மண்ணைத் தள்ளிக் காலால் மிதிக்கப் போனவர், நிறுத்தி, உட்கார்ந்து கையாலேயே தட்டினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மழை மூட்டம் இறங்கி வந்தது. அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, சம்மதப் பத்திரங்கள் இருந்த என் பையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே யாரும் இவகிட்ட எதையும் கேட்டு வரக்கூடாது."

போன வருஷம் ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுக்க வந்த பிள்ளையிடம், எதற்கு எடுக்கிறீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள், மிச்சத்தை எங்கே வைப்பீர்கள் என்று நான் வரிசையாகக் கேட்டதில், பாவம் அவள் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு டொக்டரைக் கூப்பிட ஓடிவிட்டாள்.